சின்னான் (கொண்டைக்குருவி) குஞ்சுகள் கீழே கிடந்தன, வாயே திறக்கவில்லை. என்ன செய்வது?

செல்வி, பாளையங்கோட்டை (காலை 9.10)
வேலி ஓரச் செம்பருத்தியை வெட்டும்போது கூடு கலைந்துவிட்டது. உள்ளே கொண்டைக்குருவிக் குஞ்சு இரண்டு. கண் திறந்திருக்கிறது, இறகு முள்முள்ளாக இருக்கிறது. பெட்டியில் பஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். இங்க் ஃபில்லரில் பால் கொடுத்தேன். ஒன்றுக்கு மூக்கில் குமிழ் வந்ததும் பயந்து நிறுத்திவிட்டேன்.

மாரி (9.18)
பால் வேண்டாம் அக்கா, தண்ணீரும் ஊற்றாதீங்க. குஞ்சு வாய் திறக்கும்போது பாருங்க, நாக்கின் பின்பக்கம், அது தொடங்கும் இடத்தில் சின்னத் துளை ஒன்று மூடித் திறக்கும். அதுதான் மூச்சுக்குழாய். ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். போன வருஷம் ஒரு மைனாக் குஞ்சை நான் இப்படித்தான் இழந்தேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

குஞ்சு சில்லென்று இருக்கிறதா? அப்படியானால் வாய் திறக்காது, ஊட்டினாலும் செரிக்காது. முதலில் சூடு. பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்க. பஞ்சை எடுத்துவிடுங்க, குஞ்சின் கால்விரலில் சிக்கிக்கொள்ளும். பூனை வாய் வைத்ததா?

செல்வி (9.40)
இல்லை தம்பி, பூனை வரவில்லை. உடம்பு சில்லென்றுதான் இருந்தது, இப்போது தேறியிருக்கிறது. ஒன்று வாயைப் பிளக்கிறது!

மாரி (9.47)
நல்லது. பூனைப் பல் பட்டிருந்தால் ஊசிமுனைக் காயத்துக்கும் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும், விஷக்கிருமி ஏறிவிடும். குமிழ் விட்ட குஞ்சு வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாலும் தாமதிக்காதீங்க.

இனி கூடு. பெரிய சிரட்டையில் கண்ணைக் குத்தித் துளையிடுங்க, மழைத்தண்ணீர் வடிய. காய்ந்த புல் வைத்து, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலான கிளையில் கட்டுங்க. பிறகு வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்க.

தங்கராஜ் (10.05)
மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காதே? கூண்டில் வைத்து வளர்த்துவிடலாமே.

மாரி (10.12)
அது தவறான நம்பிக்கை அண்ணே. கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. வளர்க்க 1972 வன உயிரினச் சட்டமும் இடம் தராது. தாய்க்குருவி நாள் முழுக்கப் புழு கொண்டுவந்து ஊட்டும். நம்மால் அது முடியாது.

செல்வி (பகல் 12.30)
வந்துவிட்டது! அலகில் பச்சைப்புழு. முதலில் மதில் மேல் உட்கார்ந்து கத்தியது, அப்புறம் சிரட்டை விளிம்பில் இறங்கி இரண்டுக்கும் கொடுத்தது. ராத்திரிக்கு என்ன செய்ய?

மாரி (12.41)
இருட்டும் நேரத்தில் பாருங்க. தாய் மேலே உட்காரவில்லை என்றால் குஞ்சுகளை உள்ளே எடுத்து வெந்நீர் பாட்டிலோடு வையுங்க. விடிந்ததும் திரும்பச் சிரட்டையிலேயே வைத்துவிடுங்க.

செல்வி (மாலை 6.50)
உட்கார்ந்துவிட்டது தம்பி. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, வாலடிச் சிவப்பு இங்கிருந்தே தெரிகிறது.