அம்பாசிடர் பிரேக்: முதல் மிதியில் பெடல் இறங்குகிறது

வணக்கம் அண்ணன்மாரே. திருமங்கலத்தில் அப்பாவின் பழைய அம்பாசிடரைத் தயார் செய்கிறேன். நாலு சக்கரமும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாம் புதுசு, டாட் 3 பிரேக் ஆயில். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஏர் (ஆயில் லைனில் மாட்டிய காத்து) எடுத்தாச்சு. தம்பி மிதிக்க மிதிக்க, ஏர் வெளியேற்றும் நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி இல்லாமல் ஆயில் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. அடுத்த மிதியில் கல் மாதிரி நிற்கிறது. அப்படியே அழுத்திப் பிடித்தாலும் இறங்கவில்லை, அதனால் மாஸ்டர் சிலிண்டர் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு.

டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் லூசா, இல்லை எங்காவது காத்து மாட்டியிருக்கா? ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ‘பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி’ என்கிறார்கள். அப்புறம், மதுரைப் பக்கம் டிரம் பிரேக்கில் கை பழகிய பழைய மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.