ஷோவில் துப்பாக்கி தொட்டவங்க, தொடறதைப் பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

தெம்பினிஸ் வாசி:

2022ல சிங்கப்பூர் ராணுவம் பொதுமக்களுக்காக நடத்தின ஆர்மி ஓப்பன் ஹவுஸ், எஃப்1 கார் பந்தய பிட் கட்டடம். போனவங்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கல. ஆயுத மேசை வரிசையில எங்களுக்கு முன்னாடி ஒரு நம்ம ஊர்க் குடும்பம். பையனுக்கு எட்டு வயசு இருக்கும். எஸ்ஏஆர்-21 ரைஃபிளை அவனால தூக்க முடியல, அப்பா அடியில கை கொடுத்தார். தூக்கின வேகத்துல அப்படியே தங்கச்சி பக்கம் திருப்பி "டுமீல்"ங்கறான். அம்மா போன்ல படம் எடுத்துக்கிட்டு இருக்காங்க, அந்தப் பொண்ணும் சிரிக்குது.

மேசைக்குப் பின்னாடி நின்ன என்எஸ் (கட்டாய ராணுவச் சேவை) தம்பி ஒண்ணுமே பேசல. உள்ளங்கையைக் குழல் மேல வெச்சு மெதுவா மேசைப் பக்கம் அழுத்தினான். அப்பாவுக்கு முகம் மாறிடுச்சு. "எம்ப்டிதானே தம்பி, எதுக்கு இப்படிப் பண்றீங்க?" அவன் "ஆமா அங்கிள், எம்ப்டிதான்"னான். கையை மட்டும் எடுக்கவே இல்ல.

எம்ப்டின்னு அவனே ஒத்துக்கறான், அப்புறம் எதுக்கு அந்தப் பிடிவாதம்? என் வீட்டுக்காரர் "அது அவங்க எஸ்ஓபி (வழக்கமான நடைமுறை)"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். எனக்குத்தான் மனசு ஆறல. விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

ஓஆர்டி ஆன (என்எஸ் முடிச்ச) பழைய சோல்ஜர்:

அக்கா, அந்தத் தம்பி செஞ்சது நூத்துக்கு நூறு சரி. நானும் அந்த மேசைக்குப் பின்னாடி நின்னவன்தான், வேற ஒரு ஷோவுல.

எங்க மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார். எஸ்ஏஆர்-21க்கு முந்தின எம்16 ரைஃபிள் காலத்து ஆள், பேச்சுலயே தெரிஞ்சது. எஸ்ஏஆர்-21ஐ எடுத்து எடை பார்த்தார். அதோட மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, உள்ளே தெரியற மாதிரி இருக்கும், அதைப் பார்த்து "காலி"ன்னு எங்களுக்கே சர்ட்டிபிகேட் கொடுத்தார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மேல இருக்கற கைப்பிடியை இழுத்து விட்டார். ஜனங்க நடந்து போற வழியைப் பார்த்து ட்ரிகரை அமுக்கிட்டார். க்ளிக். ஸ்ட்ராலர் தள்ளிக்கிட்டுப் போன ஒரு அம்மா அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாங்க. பெரியவர் அவங்களைப் பார்த்துக் கை ஆட்டறார்!

மேகசின் காலின்னா மேகசின் மட்டும்தான் காலி. முப்பது ரவுண்டு பிடிக்கற அந்தப் பெட்டியில ஒண்ணுமே தெரியலன்னாலும் சேம்பர்ல (சுடறதுக்கு முன்னாடி தோட்டா போய் நிக்கற இடம்) ஒண்ணு உட்கார்ந்திருக்கலாம். இந்த ரைஃபிள்ல சேம்பர் பின்னாடி, நம்ம கன்னத்துக்குப் பக்கத்துல இருக்கு. சேம்பரை மூடற போல்ட்டை இழுத்துப் பிடிச்சு உள்ளே எட்டிப் பார்க்காம தெரியாது. அதனாலதான் ரேஞ்ச்ல சுடும் பயிற்சி முடிஞ்சதும் ஒவ்வொருத்தனா காட்டி செக் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் "தோட்டா, காலித் தோட்டா எதுவும் என்கிட்ட இல்ல"ன்னு சத்தமா வேற சொல்ல வெப்பாங்க.

எம்ப்டிக்கு ஒரு பழக்கம், லோடுக்கு ஒரு பழக்கம்னு கைக்குப் பிரிச்சுத் தெரியாது. அந்தத் தம்பி எம்ப்டின்னு ஒத்துக்கிட்டும் கையை எடுக்காததுக்குக் காரணம் இதுதான்.

ஹூஸ்டன் போய் வந்தவள்:

இங்க ஆர்மிக்காரன் காவல் இருக்கான். அமெரிக்கால கன் ஷோவுக்குப் போய்ப் பாருங்க. பெரியம்மா பையன், அண்ணா முறை, "வா, ஒரு கூத்து காட்டறேன்"னு கூட்டிக்கிட்டுப் போனார். வாசல்ல சொந்தத் துப்பாக்கி கொண்டு வர்றவங்க வரிசை. ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்து, போல்ட் மூடாதபடி உள்ளே ஒரு பிளாஸ்டிக் டையை விட்டு இறுக்கிக் கட்டறாங்க. நம்ம வீட்டுல ஒயர் கட்டுவோமே, அதே டை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தது.

உள்ளே ஒரு மேசையில வாங்க வந்தவர் ஒருத்தர் "ட்ரிகர் எப்படி இருக்குன்னு பார்க்கணும்"னார். கடைக்காரர் பாக்கெட்லேர்ந்து நகவெட்டி எடுத்தார், டையைக் கத்தரிச்சார், பிஸ்டலை நீட்டினார். கஸ்டமர் பேச்சுக்குத் தலையாட்டிக்கிட்டே என் இடுப்புப் பக்கமா ஆட்டிப் பார்க்கறார். நான் அண்ணா முதுகுக்குப் பின்னாடி போயிட்டேன். அண்ணா சிரிச்சார். அவருக்கு அது மீன் மார்க்கெட் மாதிரி.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2013 ஜனவரியில நார்த் கரோலைனா ராலேல ஒரு கன் ஷோ. வாசல் செக்கிங் இடத்துலேயே ஒருத்தர் தன்னோட ஷாட்கன் உறையோட ஜிப்பைத் திறக்கும்போது வெடிச்சு மூணு பேருக்குக் காயம். எம்ப்டியான்னு பார்க்கறதுக்காகவே வெச்ச இடத்துல!

ஜூரோங் அண்ணாச்சி:

அமெரிக்காக் கதையை இங்கே கொண்டுவந்து பயமுறுத்த வேண்டாம் அம்மா. சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 வருடம் சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குறி தப்பினாலும் தூக்கு. 1973லேயே போட்ட சட்டம். ஓப்பன் ஹவுஸ் மேசையில் ஒரு சின்னப் பையன் "டுமீல்" என்றதற்கு இத்தனை பேச்சு அதிகம்.

என் அனுபவம் ஒரு வரிதான். மச்சான் மகன் பாங்காக்கிலிருந்து பிஸ்டல் வடிவ லைட்டர் வாங்கி வந்து சாங்கி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டான். பறிமுதல், விசாரணை, அவன் அம்மா அழுகை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். வெளிநாட்டு ஷோ, நினைவுப்பொருள் கடை எங்கே போனாலும் துப்பாக்கி வடிவத்தில் எதையும் வாங்காதீர்கள். பிஸ்டல் லைட்டர் இங்கே கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருள். நிஜம் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி என்றால் முதலில் போலீஸ் அனுமதி கேளுங்கள். காலித் தோட்டாவில் செய்த சாவிக்கொத்தும் வேண்டாம், பையில் கிடந்தால் ஸ்கேனரில் நிற்கும். பிள்ளைகள் பையை நீங்களே ஒரு தடவை துழாவிப் பாருங்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் இறக்குமதிதான், "கடைக்காரன் அனுப்பினான்" என்ற பேச்சு எடுபடாது. கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். என் மச்சானுக்கும் இதைத்தான் தலைபாடாகச் சொன்னேன், கேட்கவில்லை.

உட்லண்ட்ஸ் ரிசர்விஸ்ட்:

அண்ணாச்சி, லைட்டர் பத்தி இங்க யாரு கேட்டா? தூக்குத் தண்டனை கெட்டவனுக்குப் பயம் காட்டும். கவனமில்லாத கைக்கு அது என்ன பண்ணும்? அந்தப் பெரியவர் க்ளிக் பண்ணும்போது சட்டம் பக்கத்துலயா நின்னுச்சு?

நான் பார்த்தது பாசிர் லாபா ரேஞ்ச்ல. பக்கத்து லேன் பையன், கெட்டிக்காரன், நல்லா சுடுவான். ரவுண்டு ஒண்ணு வெடிக்கல. கையைத் தூக்கிக்கிட்டு, குழலை டார்கெட் பக்கமே வெச்சுக் காத்திருந்தான். அதுவரைக்கும் சரியாத்தான் செஞ்சான். பின்னாடி எவனோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். இவன் "என்னடா"ன்னு திரும்பறான், ரைஃபிளும் கூடவே திரும்புது. என் ஹெல்மெட்டுக்கு நேரா அந்தக் கறுப்பு ஓட்டையைப் பார்த்தேன். சார்ஜன்ட் ஒரே தாவுல அவன் தோளை அமுக்கிட்டார். அப்புறம் திட்டு வாங்கினது திரும்பினவன் இல்ல, கூப்பிட்டவன்.

பிளாங்க் (குண்டு இல்லாத தோட்டா)தானே, சத்தம் மட்டும்தானேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. தேசிய தின அணிவகுப்புல வரிசையா மேலே பார்த்துச் சுடறது அழகுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. ஈயக் குண்டு இல்லன்னாலும் கிட்டத்துல அந்த வாயு ஆளைக் கொல்லும். 1984ல ஜான்-எரிக் ஹெக்சம்ங்கற ஹாலிவுட் நடிகர் படப்பிடிப்புல விளையாட்டா பிளாங்க் போட்ட ரிவால்வரைத் தன் நெத்திப்பொட்டுல வெச்சு அமுக்கினார், பிழைக்கல. 2021ல நியூ மெக்சிகோ படப்பிடிப்புல ஆபத்தில்லன்னு சொல்லிக் கொடுத்த துப்பாக்கியில நிஜத் தோட்டா இருந்துச்சு, ஒளிப்பதிவாளர் செத்துப்போனாங்க.

ஜூரோங் அண்ணாச்சி:

கோபப்படாதீங்க தம்பி. லைட்டரும் துப்பாக்கி விஷயம்தானே. மக்களுக்கு உபயோகப்படும் என்று எழுதினேன்.

தெம்பினிஸ் வாசி:

சண்டை வேண்டாம் ப்ளீஸ். பழைய சோல்ஜர் தம்பி சொன்னதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். "நானும் அதைத்தானே சொன்னேன்"ங்கறார்!

ஈசூன் டீச்சர்:

நிஜத் துப்பாக்கி நான் தொட்டதே கிடையாது. ஒரு ஸ்கூல் கார்னிவலில் ஃபோம் டார்ட் துப்பாக்கி ஸ்டால் என் பொறுப்பில் விட்டார்கள். அடுக்கி வைத்த கப்புகளைச் சுட்டுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கப் விழுந்ததும் ஒரு பிள்ளை பாய்ந்து ஓடி அடுக்கப் போகும், வரிசையில் அடுத்தது அதற்குள் சுட ஆரம்பிக்கும். ஒரு குட்டிப் பெண் குனிந்து கப்பை எடுத்து நிமிர்ந்தாள், டார்ட் கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிக் கன்ன எலும்பில் பட்டது. அழவில்லை, கண்ணை மட்டும் சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்தாள். சுட்ட பையனின் அப்பா சொன்னது என்ன தெரியுமா? "ஸ்பாஞ்சுதானே டீச்சர்."

என் தம்பிக்கு போன் போட்டேன், அவன் என்எஸ் பையன். "அக்கா, முன்னாடி ஆள் இருக்கறவரைக்கும் எல்லாத்தையும் கீழே வெக்கச் சொல்லு, யார் கையிலயும் இருக்கக்கூடாது"ன்னான். தரையில் டேப் ஒட்டினேன். ஒரு ரவுண்டு முடிந்ததும் எல்லோரும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும், நான் போய் அடுக்கிவிட்டுத் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எடுக்கலாம். பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிட்டார்கள், டேப்பை மிதித்தவனை அவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். முணுமுணுத்தது பெற்றோர்தான். வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டுவிட்டது, டிக்கெட் வசூலும் குறைந்தது.

அடுத்த வருடம் எனக்குப் பஞ்சுமிட்டாய் ஸ்டால் கொடுத்தார்கள்.