துகளா, படிகமணியா? படிகமற்ற உலோகக்கலவையில் விளையும் காந்தப் படிகங்களின் பெயர்

படிகமற்ற உலோகக்கலவையைச் சூடாக்கும்போது அதனுள் தோன்றும் மிகச்சிறு காந்தப் படிகங்களுக்குக் ‘காந்த நானோ துகள்’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. நானோ என்ற முன்னொட்டில் எனக்கு மறுப்பில்லை. அது பள்ளிப் பாடநூல் வரை வேரூன்றிவிட்டது. ‘துகள்’ என்பதில்தான் சிக்கல். துகள் என்றால் பிறவற்றிலிருந்து பிரிந்து தனித்து நிற்பது. நீர்மத்தில் மிதக்கும் இரும்பு ஆக்சைடுக்கு அச்சொல் முற்றிலும் பொருந்தும். இங்கே நிகழ்வது வேறு.

1988இல் ஜப்பானிய ஆய்வாளர் யோஷிசாவாவும் உடன் பணியாற்றியோரும் அறிவித்த, ஃபைன்மெட் என்று வழங்கும் கலவையையே சான்றாகக் கொள்வோம். அணு விழுக்காட்டில் இரும்பு 73.5, சிலிக்கான் 13.5, போரான் 9, நியோபியம் 3, செம்பு 1. உருகிய கலவையைச் சுழலும் செப்பு உருளையின்மேல் பீய்ச்சினால், நொடிக்குப் பத்து லட்சம் கெல்வின் என்ற அளவிலான வேகத்தில் அது குளிர்கிறது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமின்றி, ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள நாடாவாக உறைந்துவிடுகின்றன. அந்நாடாவை 550 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் பதப்படுத்தும்போது முதலில் செம்பு அணுக்கள் திரள்கின்றன. அத்திரள்களை ஒட்டி இரும்பு-சிலிக்கான் படிகங்கள் கருக்கொள்கின்றன. படிகத்துக்குள் இடம்பெறாத நியோபியமும் போரானும் சுற்றியுள்ள படிகமற்ற பகுதிக்குத் தள்ளப்பட்டு, அங்கே செறிந்து, மேற்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஆகவே படிகங்கள் 10 முதல் 15 நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன.

இப்படிகங்கள் எஞ்சிய படிகமற்ற பகுதியின் வழியாக ஒன்றோடொன்று காந்தப் பிணைப்புக் கொண்டிருக்கின்றன. பிணைப்பின் வீச்சு படிகத்தின் விட்டத்தைவிடப் பெரியதாக இருப்பதால், வெவ்வேறு திசை நோக்கிய படிகங்களின் திசைச்சார்பு, அதாவது ஒரு திசையில் மட்டும் எளிதில் காந்தமாகும் இயல்பு, சராசரியாகி ஏறக்குறைய மறைந்துபோகிறது. இயற்பியலாளர் ஹெர்ட்சர் விளக்கியபடி, இந்த அளவு எல்லைக்குள் காந்த எதிர்ப்புவிசை, அதாவது ஏற்ற காந்தத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்தின் அளவு, விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப மாறுகிறது. விட்டம் இருமடங்கானால் அது அறுபத்து நான்கு மடங்காகும். எஞ்சிய பகுதி தன் காந்தத்தை இழக்கும் வெப்பநிலைக்கு மேல் நாடாவைச் சூடாக்கினால் பிணைப்பு தளர்ந்து எதிர்ப்புவிசை ஏறுகிறது. படிகங்கள் துகள்களைப் போல் நடந்துகொள்ளத் தொடங்குவது அந்நிலையில்தான். பயன்பாட்டு வெப்பநிலையில் இல்லாத ஓர் இயல்பைப் பெயரிலேயே ஏற்றிவைப்பது மாணவரைத் தவறான படத்துக்கு இட்டுச்செல்லும்.

எனவே ‘நானோ படிகமணி’ என்று வழங்குவோம். கதிரில் செறிந்து நிற்கும் நெல்லையும் மணி என்றே சொல்கிறோம். தனித்தன்மையும் சேர்ந்திருத்தலும் ஒருங்கே அச்சொல்லில் உள்ளன. ‘நானோமணி’ என்று சுருக்குவதை நான் விரும்பவில்லை, கால அளவென மயங்க இடமுண்டு.

நிகழ்வின் பெயரிலும் ஒரு வேறுபாட்டைக் காப்பது நல்லது. கலவைக்குள் தானே நடப்பது படிகமாதல். உலையில் வைத்து நாம் செய்வது படிகமாக்கல். இரண்டையும் கலந்து எழுதும் கட்டுரைகளில், வெப்பநிலை குறிப்பிடப்படும் இடத்தில் அது உலையில் நாம் அமைத்த வெப்பநிலையா, மாற்றம் தொடங்கும் புள்ளியா என்று தெரியாமல் போகிறது. தொடக்க நிலைக்குக் ‘கருக்கொள்ளல்’ போதும். ‘அணுக்கருவாக்கம்’ என்பது அணுவின் உட்கருவை நினைவூட்டுவதால் கட்டாயம் தவிர்க்க வேண்டியது.

மேலும் சூடேற்றினால் எஞ்சிய பகுதியில் இரும்பு போரைடு விளைந்து, எளிதில் காந்தமாகி எளிதில் காந்தம் இழக்கும் மென்காந்தப் பண்பு கெடுகிறது. ஆகவே இரும்பு-சிலிக்கான் தோன்றும் கட்டத்தை முதற் படிகமாதல் என்றும், போரைடு தோன்றும் கட்டத்தை இரண்டாம் படிகமாதல் என்றும் பிரித்து வழங்கலாம். படிகமணிகளைச் சூழ்ந்திருக்கும் பகுதிக்கு ‘எச்ச அடிப்பொருள்’ என்பதை முன்வைக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் matrix என்ற ஒரே சொல் வழங்குகிறது என்பதற்காக, கணிதத்தில் வழங்கும் ‘அணி’யை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.