மறையூரில் தர்பூசணி விதைக்க ஏற்ற காலம் எது?

கேள்வி: மறையூர் நிலம்

வணக்கம். கரும்பு வெட்டி முடித்த ஒன்றரை ஏக்கரில் இந்த முறை தர்பூசணி போட எண்ணியிருக்கிறேன். கிணற்றில் சித்திரை வரை தண்ணீர் நிற்கும். மார்கழியில் மூணாறு, செண்டுவரைப் பக்கம் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது, நாற்பது கிலோமீட்டர் கீழே இருக்கும் எங்கள் நிலத்தில் இளங்கொடி தாங்குமா என்ற அச்சம் வருகிறது. விதைக் கடையில் டிசம்பரிலேயே விதைக்கச் சொல்கிறார்கள். உறைபனிக் காலம் முழுவதும் ஓயட்டும் என்று பிப்ரவரி இறுதி வரை காத்திருப்பது சரியா?

பதில்: பாம்பாற்றுக்கரை

ஐயா, மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மறையூர் 1,000 மீட்டரை ஒட்டியிருக்கிறது. அங்கே விழும் உறைபனியை வைத்து இங்கே விதைப்பு நாளைக் குறிக்க வேண்டியதில்லை. ஆனால் உறையாத குளிரும் தர்பூசணிக்கு ஆகாது. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இளஞ்செடி வெளிறி, வளர்ச்சி நின்றுவிடும். மண்ணின் வெப்பம் 18 டிகிரிக்குக் குறைவாக இருந்தால், ஒரு வாரத்தில் முளைக்க வேண்டிய விதை ஈரமண்ணில் கிடந்து அழுகவும் கூடும். ஆகவே மண்ணைக் கேளுங்கள்: காலை எட்டு மணிக்குள் ஒரு வெப்பமானியை இரண்டு அங்குல ஆழத்தில் செருகிப் பாருங்கள், தொடர்ந்து நான்கைந்து நாள் 18 டிகிரிக்கு மேல் இருந்தால் விதைக்கலாம். குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால், ஆற்றோரப் பள்ளவயல் மேட்டு நிலத்தைவிட ஒரு வாரமாவது பின்தங்கும். என் கணக்கில் தை பிறந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரத்தை ஒட்டிய நாட்கள் பொருத்தமானவை.

பிப்ரவரி இறுதி வரை காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். விதைத்ததிலிருந்து 75 முதல் 90 நாட்களில் பழம் அறுவடைக்கு வரும். அப்படியானால் உங்கள் அறுவடை மே மாதத்தில் கோடை மழையில் சிக்கும். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் இனிப்புக் குறையும், காய் வெடிக்கும், விலையும் இறங்கும். அதோடு வறண்ட வெயில் ஏற ஏற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேன் பெருகி, மொட்டுக் கருகல் நச்சுயிரியைப் பரப்பும். அந்த நோய் வந்த கொடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. ஜனவரியில் விதைத்தால் ஏப்ரல் முற்பாதியில், விஷுவை ஒட்டிக் காய் கைக்கு வந்துவிடும்.

பதில்: கொழிஞ்சாம்பாறை

விதைக் கடைக்காரர் சொன்னது எங்களைப் போன்ற சமவெளிக்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் டிசம்பரிலேயே நாங்கள் விதைத்துவிடுகிறோம். கேரளச் சந்தையில் ரமலான் நோன்புக் காலத்தில் தேவை கூடுகிறது; அது ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், அந்த விலையைப் பிடிக்க நினைத்து மலையில் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குழித்தட்டில் நாற்று வளர்த்து நட்டால் குளிரைத் தவிர்க்க முடியுமா? நிலப்போர்வை (மண்ணை மூடும் நெகிழித் தாள்) விரிப்பது உதவுமா?

பதில்: பாம்பாற்றுக்கரை

முடியும். ஜனவரித் தொடக்கத்தில் குழித்தட்டில் விதைத்து, இரவில் மூடி வைத்து, இரண்டு இலை விட்டதும் பன்னிரண்டு முதல் பதினைந்து நாளுக்குள் நட்டுவிடுங்கள். வெள்ளரி இனத்தின் வேர் அசைவைப் பொறுக்காது என்பதால் மண்கட்டி உடையாமல் எடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் தட்டில் வைத்தால் வேர் சுருண்டுவிடும். நிலப்போர்வையில் கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் மண் விரைவில் சூடேறும், வெள்ளிப் பக்கம் மேலே இருந்தால் இலைப்பேன் குறையும். தை மாத நடவுக்கு நான் வெள்ளிப் பக்கத்தையே மேலே வைப்பேன். இந்தப் பயிரில் குளிரைவிட நச்சுயிரியே பெரிய இழப்பைத் தருகிறது.