தாத்தாவின் 1965 போர்ப் பதக்கத்துக்கு நகல் வாங்குவது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர், குன்னூர் வெலிங்டனில் பயிற்சி எடுத்து 1965, 1971 ரெண்டு போரையும் பார்த்தவர், ஓய்வுபெற்று நெல்லைக்கு வந்த அப்புறம் நாலு பிள்ளைகளைக் கரையேற்றி, சர்ச்சில் சேகர கமிட்டி (நிர்வாகக் குழு), பாடகர் குழு, அசனப் பந்தி (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) என்று கோயிலே கதியாகக் கிடந்தார், ஊரில் யாருக்குப் பென்ஷன் மனு எழுதணும் என்றாலும் அவர்தான். இப்போது 90 வயசு. வருகிற அசனத்தன்று சபையில் அவருக்கு மரியாதை செய்கிறார்கள், பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு வரச் சொன்னால் 1965 போருக்குக் கொடுத்த சமர் சேவா ஸ்டார் பதக்கத்தை மட்டும் காணோம் (வீடு மாறினபோது போயிருக்கணும்). டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. நகலுக்கு வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு நேரே எழுதலாமா, இல்லை திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத்தான் போகணுமா? வாங்கினவர்கள் சொல்லுங்கள். அதற்குள் கிடைக்காது என்றால், அந்தப் பதக்கத்தைத் தொங்கவிடும் நாடாவாவது தனியாக எங்கே விற்கிறது?