ஐரிஷ் குழலில் ரீல் வருகிறது, பாட்டு வரமாட்டேன் என்கிறது

குழல்பித்தன்:
கீ (துளையை மூடித் திறக்கும் நெம்பு) இல்லாத ஆறு துளை டி குழல் வைத்திருக்கிறேன். இரண்டு வருடப் பழக்கம். ரீல், ஜிக் மாதிரி ஐரிஷ் நடன மெட்டுகள் எல்லாம் ஓரளவு ஓடிவிடும். 'டேனி பாய்' என்ற மெதுவான பாட்டை எடுத்தால்தான் வம்பு. டி ஸ்கேலில் ஆரம்பித்தால் முதல் சுரமே குழலில் இல்லை, அது குழலின் கடைசிச் சுரமான கீழ் டி-க்கும் கீழே! சரி என்று மேல் ஸ்தாயியில் வாசித்தால் உச்சத்தில் கிறீச்சிடுகிறது. வீட்டு நாய் எழுந்து வெளியே போய்விடுகிறது. மூச்சும் வரிக்கு நடுவே அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்?

கருங்காலி:
ஸ்கேல்தான் கோளாறு. ஜி-க்கு மாற்றுங்கள். எஃப் ஷார்ப்பில் தொடங்கும். கீழே ஈ வரை இறங்கி, மேலே இரண்டாம் ஸ்தாயி பி வரை போகும். எல்லாமே உங்கள் குழலில் இருக்கிற சுரங்கள். சி நேச்சுரல் (ஷார்ப் இல்லாத சி) மட்டும் கொஞ்சம் படுத்தும்: இடக்கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, நடுவிரலையும் மோதிர விரலையும் மூடிப் பாருங்கள். சுருதி ஏறித் தெரிந்தால் மோதிர விரலையும் தூக்கிவிட்டு, வலக்கைத் துளைகள் மூன்றையும் மூடுங்கள். உச்சத்துக்குப் பலமாக ஊத வேண்டாம். உதட்டு இடைவெளியைச் சுருக்கினாலே காற்று வேகமெடுக்கும்.

விசில்காரன்:
மூச்சுக்கு ஒரு வழி. குழலை வைத்துவிட்டு வாய்விட்டுப் பாடுங்கள். பாடும்போது மூச்சு வாங்கும் இடத்திலேயே குழலிலும் வாங்குங்கள். அப்புறம், ரீலில் போடுகிற ரோல்களை (ஒரு சுரத்தைச் சுற்றிச் செய்யும் விரல் அலங்காரம்) இங்கே கொட்டாதீர்கள். ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் பிரித்துக் காட்ட ஒரு கட் (மேலே ஒரு விரலை நொடியில் தூக்கி வைப்பது) போதும்.

கருங்காலி:
சின்ன மறுப்பு. வட அயர்லாந்தின் லிமவாடியைச் சேர்ந்த ஜேன் ராஸ் சேகரித்த இந்த மெட்டை 1855-இல் ஜார்ஜ் பெட்ரி தன் இசைத் தொகுப்பில் அச்சிட்டபோது அதில் வரிகளே இல்லை. பாடலாசிரியர் வெதர்லியின் 'டேனி பாய்' வரிகள் இந்த மெட்டோடு வந்தது 1913-இல்தான். மெட்டுக்கென்றே ஒரு மூச்சு இருக்கிறது.

விசில்காரன்:
இருக்கட்டும். ஆனால் கேட்பவர் மனசுக்குள் வரிகளைத்தானே பாடிக்கொண்டிருப்பார்? சொல்லை உடைத்து மூச்சு வாங்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குழல்பித்தன்:
ஜி-யில் வாசித்தேன். முதல் வரி மூச்சு அறாமல் வந்தது. சி-க்கு என் குழலில் இரண்டாவது பிடிதான் சுருதி சேர்கிறது. மேல் பி இன்னும் மெலிந்துதான் ஒலிக்கிறது. நாய் இப்போது அதுவரை உட்கார்ந்திருக்கிறது.