புதுப்பிப்பு: மேடையில் இரண்டு மடிக்கணினிகள், ஒன்று நின்றால் மற்றொன்று

பாடலின் நடுவே மடிக்கணினி உறைந்தால், பின்னணி இசை நிற்காமல் தொடர வழியுண்டா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இப்போது அது நடக்கிறது.

பலன் தந்தது "பைலட் டோன்" யோசனைதான். இரண்டு மடிக்கணினிகள், தனித்தனி ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் கருவிகள்), ஒரே புராஜெக்ட் (பாடல்களின் இசைக்கோப்பு), ஒரே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு). ஒரே மிதிவிசையின் மிடி (இசைக்கருவிகளும் கணினிகளும் பேசும் கட்டளை முறை) சமிக்ஞை இரண்டையும் ஒன்றாகத் தொடங்கிவைக்கிறது. முதல் கணினியின் தனிச் சேனல் ஒன்றில் இடைவிடாத ஒலி ஓடுகிறது, இதுதான் பைலட் டோன். அது நின்றவுடன் தானியங்கி ஸ்விட்சர் இரண்டாவது கணினிக்கு மாறிவிடுகிறது. ஒத்திகையில் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம், தாளம் பிசகவில்லை.

எதிர்பாராதவை உண்டு. பாடல்களுக்கு இடையே பிளேபேக் நின்றால் டோனும் நிற்கும், ஸ்விட்சர் வீணாக மாறும். ஆகவே ஒவ்வொரு பாடலின் முடிவிலும் டோன் மட்டும் சுழலும் பகுதியைச் சேர்த்தேன். டோனைத் தனிச் செருகுநிரலில் (இசை மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) உருவாக்காமல் ஒலிக்கோப்பாகவே வைப்பது நல்லது: பிளேபேக் மட்டும் நின்றாலும் அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று முக்கியம். சில கணினிகள் உறையும்போது கடைசித் துளி ஒலியையே திரும்பத் திரும்ப அனுப்பும். டோனும் அதில் தொடர்வதால் ஸ்விட்சர் ஏமாந்துவிடும். கையால் மாற்றும் மிதிவிசை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரு இன்டர்ஃபேஸ்களின் உள் கடிகாரங்களும் (ஒலி ஓடும் வேகத்தை அளப்பவை) மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஒவ்வொரு பாடலையும் புதிதாகத் தொடங்கினால் அது காதுக்குத் தெரிவதில்லை.